பந்திக்கு முந்தும் சீட்டு

அன்புள்ள தம்பிக்கு,

தாம்பரம் பக்கத்தில் நடந்த அந்தக் கல்யாண வரவேற்பில் நீ மேஜை மேஜையாகப் போய்ச் சீட்டு வித்தை காட்டியதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் சட்டையெல்லாம் வேர்வையாக ஓடி வந்து, "கை எப்படிண்ணா இருந்துச்சு?" என்று கேட்டாய். நன்றாக இருந்தது என்றேன். உண்மைதான். எந்த இடத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்த எனக்கே இரண்டு இடங்களில் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. நாதஸ்வரச் சத்தத்தில் சொல்ல முடியவில்லை. உன்னைப் போல இன்னும் நாலு பேர் இந்த வழிக்கு வந்துகொண்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். நம் தொழிலின் உள்விவரம் எதுவும் இதில் இருக்காது.

ஜன்னலோர மேஜையில் ஊதாப் பட்டுக் கட்டியிருந்த அம்மாவை நினைவிருக்கிறதா? ஆட்டின் ஏழை எடுத்தார். மார்க்கர் பேனாவை நீட்டி, "உங்க பேரை எழுதுங்கம்மா" என்றாய். சீட்டை மேஜையில் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நேரம் ஆனது. நீ சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, "அம்மா பத்திரம் பதியுறாங்க, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்றாய். மேஜையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் உன் வேலையை முடித்துக்கொண்டாய். ஒருவர் கண்ணும் உன் கையில் இல்லை.

அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, எழுதிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு நீ "கையை நீட்டுங்கம்மா" என்றபோது நீட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் தன் கையை நீட்டினாள். நீ கவனித்திருக்க மாட்டாய். உன் கவனமெல்லாம் சீட்டுக்கட்டில் இருந்தது.

நீ ஏன் அப்படிப் பேசினாய் என்று எனக்குத் தெரியும். மேடைக்காரனுக்குத் திரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. நமக்கும் பார்க்கிறவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. நமக்குத் திரை சிரிப்புதான். சிரிக்கிறவர் தன்னையறியாமல் நிமிர்ந்து பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். அந்த இரண்டு, மூன்று விநாடிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். அதனால் எந்தச் சிரிப்பு கையில் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளத் தோன்றும். எழுதத் திணறுகிற கை, வழுக்கைத் தலை, பருத்த உடம்பு என்று மலிவாகக் கிடைப்பவை எல்லாமே வேலை செய்துவிடும். அதுதான் ஆபத்து. வித்தை பலித்துவிடுவதால் தப்பு நடந்ததே தெரியாமல் போய்விடுகிறது.

எனக்கும் தெரியாமல் போனது. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு பெரியவர் தான் எடுத்த சீட்டை மறந்துவிட்டார். "ஐயாவுக்குச் சீட்டே மறந்துபோச்சு, வீட்டு வழி ஞாபகம் இருக்கா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கை கழுவுகிற இடத்தில் அவர் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்கு ஆறு மாதமாக உண்மையிலேயே வீட்டு வழி மறந்துபோகிறது என்றாள். கோபப்படவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து எடுத்த சீட்டை மேஜையில் இருக்கும் எல்லோருக்கும் காட்டச் சொல்கிறேன். ஒருவர் மறந்தால் இன்னொருவர் சொல்வார். யாரும் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நீயும் அப்படியே செய்.

அந்த இரண்டு விநாடியை வேறு எங்கிருந்து எடுப்பது என்று கேட்பாய். சீட்டிடமிருந்தே எடுக்கலாம். நீ செய்த வித்தையிலேயே அது இருக்கிறது. நடுவில் செருகச் செருக மேலே மேலே வந்து நிற்கிற சீட்டு. கனடாவில் பிறந்த டை வெர்னன் 1922இல் சிகாகோவில் ஹூடினிக்குக் காட்டியது இந்த வகை வித்தைதான். எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் சூட்சுமத்தைச் சொல்லிவிடுவேன் என்று சவால் விட்டுக்கொண்டிருந்தவர் ஹூடினி. தன் பெயரின் முதலெழுத்துகளைச் சீட்டில் போட்டுக் கொடுத்தார். சீட்டு நடுவில் போனது, மேலே வந்தது. மூன்று முறைக்கு மேலும் பார்த்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. வெர்னன் கடைசிவரை 'ஹூடினியை ஏமாற்றியவர்' என்றே அறியப்பட்டார். அது இரண்டு கெட்டிக்காரர்கள் நடத்திய போட்டி. கல்யாணத்துக்கு வந்தவர் யாரும் உன்னோடு போட்டி போட வரவில்லை.

அதே வித்தையைக் கல்யாண வீட்டுக்கு ஏற்றபடி திருப்பு. இங்கிலீஷ் வீடியோவில் கேட்ட பேச்சை அப்படியே தமிழாக்கிப் பேசாதே. நம் ஆட்களிடம் ஒட்டாது. நம்மிடமே இருக்கிறது, 'பந்திக்கு முந்து' என்று. நடுவில் வைத்த ஆட்டின் ஏழு மேலே வந்துவிட்டதா? "முதல் பந்தியிலேயே உட்கார்ந்துட்டார் பாருங்க" என்று சொல். இரண்டாவது தடவை சீட்டைக் கண்டி: "மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடட்டும் சார், நீங்க கடைசி வரிசை." மூன்றாவது தடவை நீ நடுவில் செருகும்போதே ஒரு குழந்தை, "திரும்ப வந்துடும்!" என்று கத்தும். எல்லோரும் சிரிப்பார்கள். வரப்போவது தெரிந்திருந்தும் வரும்போது நம்ப முடியாத நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்துவிட்டாய். உனக்கு வேண்டிய இரண்டு விநாடியும் கிடைத்துவிட்டது. சிரிப்பு ஒரு காகிதத் துண்டின் மேல் விழுந்திருக்கிறது; அதற்கு வலிக்காது.

ஸ்பெயின்காரர் யுவான் தமரிஸைப் பார். 1973இல் பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் சீட்டு வித்தைக்கு முதல் பரிசு வாங்கியவர். கலைந்த தலைமுடி, தொப்பி. வித்தை பலித்ததும் இல்லாத வயலினைக் காற்றில் வாசிப்பார். கண், குரல், கை, உடம்பு, பாதம் என்ற ஐந்தையும் வித்தைக்காரன் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் மொழி நமக்குப் புரியாது. சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் கண்ணை மட்டும் பார். கட்டைப் பார்ப்பதைவிட எதிரில் இருப்பவர் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்.

இன்னொருவர் சிகாகோவில் குடும்பத்தின் சாப்பாட்டுக்கடையில் மேஜை மேஜையாக வித்தை காட்டிய மேட் ஷூலியன். நல்ல பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. கட்டு முழுவதையும் சுவர்மேல் வீசியெறிவார். சீட்டெல்லாம் கொட்டும், எடுத்த சீட்டு மட்டும் ஆணி குத்திச் சுவரில் நிற்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பதற்கு அங்கே யாரையும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வித்தைக்காரர் ஸ்லைடினியின் காகித உருண்டை வித்தையைச் சொல்லி நீ வாதாடுவாய். உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே உருண்டைகள் பறப்பது கூட்டம் முழுவதற்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அது அருமையான வித்தை. அவர் குரலில் இருந்த பரிவு உனக்கும் வரட்டும், பிறகு செய். இன்னும் பத்து வருஷம் ஆகலாம்.

இன்னொன்று. சீட்டைத் திருப்பியதும் அடுத்த ஜோக்கைச் சொல்லிவிடுகிறாய். ஐந்து மேஜையிலும் அப்படியே செய்தாய். சீட்டு திரும்பியதும் பார்க்கிறவர் வாய் திறக்கும். சத்தம் வர ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் நாம் மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் உட்காருகிறோம். அதன்மேல் நீயே பேச்சைக் கொட்டி மூடிவிடுகிறாய். பயத்தில் செய்கிறாய் என்று தெரியும். மௌனம் வந்தால் வித்தை விழுந்துவிட்டது என்று நினைக்கிறாய். வாயை மூடிக்கொண்டு கட்டை மேஜையில் வைத்துவிடு. அவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திரு.

சில வீடுகளில் பெரியவர்கள் சீட்டைத் தொடமாட்டார்கள். சூதில் சொத்து போன வீடாக இருக்கும். ஏன் என்று கேட்காதே, வற்புறுத்தாதே; காசை எடுத்துக்கொள், ரப்பர் பேண்டை எடுத்துக்கொள். வித்தையைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள். சாம்பார்க் கை பட்ட கட்டு அத்தோடு போச்சு.

கையெழுத்துப் போட்ட சீட்டை அவர்களே எடுத்துப் போகட்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீயும் மறக்காமல் கொடுத்தாய். சின்னப் பெண் ஒருத்தி அதைப் பட்டுப்பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடினாள். கூட்டம் கலைந்த பிறகு ஜன்னலோர மேஜைக்குப் போனேன். தண்ணீர் டம்ளருக்கு அடியில் அந்த ஆட்டின் ஏழு முகம் கவிழ்ந்து கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். நான்கு எழுத்துப் பெயர், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் சாய்ந்திருந்தது. துடைத்து எடுத்து வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்