கேட்க ஒன்று போல இருக்கும், பொருள் வேறு: கையெழுத்துக்கு முன் தெரிய வேண்டிய ஐந்து ஜோடிச் சொற்கள்



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஓர் அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். நிதி நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த நோட்டீஸ் அது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கடனை இவர் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. "சாட்சிக்குத்தான்னு சொன்னாங்க, அதான் போட்டேன்" என்றார். கடன் பத்திரத்தின் நகலை வாங்கிப் பார்த்தோம். அவர் கையெழுத்துக்குக் கீழே 'கேரண்டர்' என்று இருந்தது.

ஒரு சொல் தெரியாததால் வந்த வினை இது. வங்கியிலும் பைனான்ஸிலும் தினமும் காதில் விழும் சில ஆங்கிலச் சொற்களை இந்த இதழில் ஜோடி ஜோடியாகப் படிப்போம்.

1. விட்னஸ் – கேரண்டர்

விட்னஸ் என்றால் சாட்சி. 'இவர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார்' என்று சொல்வது மட்டுமே அவர் வேலை. கடனுக்கு அவர் பொறுப்பல்ல.

கேரண்டர் என்றால் ஜாமீன்தாரர். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் இவர் கட்ட வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. 'கோ-பாரோயர்' என்று இருந்தால் நீங்களும் சேர்ந்தே கடன் வாங்கியதாக அர்த்தம். அதனால் கையெழுத்துப் போடும் இடத்திற்குக் கீழே என்ன அச்சாகியிருக்கிறது என்று முதலில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2. ஃப்ளாட் – டிமினிஷிங்

இரண்டும் வட்டிக் கணக்குதான். "எங்ககிட்டயும் ஒரு வட்டிதான், அவங்ககிட்டயும் ஒரு வட்டிதான்" என்பார்கள். ஆனால் கணக்குப் போட்டால் ஒன்றல்ல.

ரூ.10,000 கடன், 10 மாதத் தவணை, நூற்றுக்கு மாதம் ரூ.1 வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.1,000 அசல் கட்டுகிறோம்.

ஃப்ளாட் முறையில், அசல் குறைந்தாலும் வட்டி குறையாது. மாதம் ரூ.100 வீதம் 10 மாதத்திற்கு வட்டி ரூ.1,000.

டிமினிஷிங் முறையில், மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் ரூ.100, அடுத்த மாதம் ரூ.90, அதற்கடுத்து ரூ.80. இப்படிக் குறைந்து கடைசி மாதம் ரூ.10. மொத்த வட்டி ரூ.550.

வித்தியாசம் ரூ.450! எனவே "எத்தனை வட்டி?" என்று மட்டும் கேட்டால் போதாது. "ஃப்ளாட்டா, டிமினிஷிங்கா?" என்றும் கேளுங்கள்.

3. டெபாசிட் – பிரீமியம்

"பேங்க்ல வருஷா வருஷம் 436 ரூபா பிடிக்கிறாங்க, சேர்ந்து எவ்வளவு ஆச்சு?" என்று பலர் கேட்கிறார்கள். அது சேராது. டெபாசிட் என்பது நம் பணம், திரும்பி வரும். பிரீமியம் என்பது அந்த ஒரு வருடப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை.

பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில் வருடப் பிரீமியம் ரூ.436. உறுப்பினர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்திற்கு ரூ.2 லட்சம் (புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளுக்கு விபத்து மரணம் மட்டும்). சுரக்ஷா திட்டத்தில் பிரீமியம் ரூ.20. அது விபத்துக்கு மட்டும். இரண்டும் வேறு வேறு. ஜூன் முதல் மே வரைதான் ஒரு வருடக் கணக்கு. மே மாதக் கடைசியில் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் பாதுகாப்பு நின்றுவிடும்.

4. மொரட்டோரியம் – வெய்வர்

கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. இதுதான் மொரட்டோரியம், அதாவது தவணை ஒத்திவைப்பு. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "ஆறு மாசம் தள்ளுபடி" என்று நினைத்தவர்கள் பிறகு கணக்கைப் பார்த்துத் திகைத்தார்கள்.

வெய்வர்தான் தள்ளுபடி. கூட்டுறவு நிறுவனங்களில் 31.3.2021 அன்று நிலுவையில் இருந்த குழுக் கடன்களைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. அது வெய்வர். யாராவது "கட்ட வேண்டாம்" என்றால், 'இப்போதைக்கா, எப்போதைக்குமா?' என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

5. நாமினி – லீகல் ஹெய்ர்

கணவர் இறந்த பிறகு ஒரு தங்கை வங்கிக்குப் போனார். கல்யாணத்திற்கு முன் தொடங்கிய கணக்கு என்பதால் நாமினியாகக் கணவரின் தம்பி பெயர் இருந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அழுதுகொண்டே திரும்பிவிட்டார்.

வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் ஆள். அந்தப் பணத்தில் சட்டப்படி வாரிசுகளுக்கு உள்ள உரிமை அப்படியே இருக்கிறது. லீகல் ஹெய்ர் என்றால் அந்தச் சட்டப்படியான வாரிசு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் நிலை வாரிசுகள். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தங்கைக்கும் இதைத்தான் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம்.

ஆனாலும் பிறகு அலைவதைவிட இப்போதே நாமினியை மாற்றிவிடுவது நல்லது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

குழுவில் செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் பாஸ்புக்கையும், கையில் உள்ள கடன் காகிதத்தையும் கொண்டு வாருங்கள். ஊக்குநர் மூன்று கேள்வி கேட்கட்டும்: நாமினி யார்? வட்டி எந்த முறை? யாருக்காவது கேரண்டராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோமா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

அந்த அக்கா இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். "என் கதையை எழுதுங்க, பேர் மட்டும் போடாதீங்க. இன்னொருத்தி இப்படிப் போய் மாட்டக் கூடாது" என்றார். அவருக்காகவாவது, புரியாத சொல்லுக்குக் கீழே இனி யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.