அரைகுறை ஸ்பானிஷ் யாருக்கு உதவும்?

நம்பிக்கை: மருத்துவருக்கு நோயாளியின் மொழி கொஞ்சம் தெரிந்தாலே போதும், மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

உண்மை: அமெரிக்காவில் ஸ்பானிஷ் மட்டுமே அறிந்த குடியேறிகளுக்கு இந்த நம்பிக்கை பெருந்தீங்கு செய்கிறது. மருத்துவர் ஸ்பானிஷைச் சரளமாகப் பேசினால் பலன் உண்டு என்பதில் ஐயமில்லை. வட கலிபோர்னிய நீரிழிவு நோயாளிகளைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வில், ஆங்கிலம் மட்டும் பேசும் மருத்துவரிடமிருந்து ஸ்பானிஷ் பேசும் மருத்துவரிடம் மாறியவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாகக் கட்டுக்குள் வந்தது. அது சரளத்தால் வந்த பலன். பள்ளியில் இரண்டு வருடம் படித்த ஸ்பானிஷுக்கு அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிடலாம். ஆனால் வலி எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று நோயாளி தன் ஊர்ப் பேச்சில் மளமளவென்று சொல்லும்போது பாதி நழுவிவிடும். நழுவியது எது என்று இருவருக்குமே தெரியாது. மொழியே தெரியாத மருத்துவர் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவார். கொஞ்சம் தெரிந்தவர்தான் சமாளித்துவிடலாம் என்று இறங்கிவிடுகிறார்.

வீட்டார் யாராவது மொழிபெயர்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். குழந்தை மருத்துவத்தில் 13 சந்திப்புகளைப் பதிவுசெய்து 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு, மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்களையும் பயிற்சியற்றவர்களையும் சேர்த்து, சந்திப்புக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புத் தவறுகளைக் கண்டது. காதுத் தொற்றுக்கு வாய்வழி கொடுக்க வேண்டிய அமாக்ஸிசிலினை இரண்டு காதிலும் ஊற்றும்படி ஒரு தாய்க்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மருந்து ஒவ்வாமை பற்றிய கேள்வியே விடுபட்டிருக்கிறது. 2012 ஆய்வொன்றில், தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இருந்தபோது நேர்ந்த தவறுகளில் 12 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. யாருமே இல்லாதபோது 20, பயிற்சியற்றவர் மொழிபெயர்த்தபோது 22. நூறு மணி நேரமாவது பயிற்சி பெற்றவர்களிடம் அது வெறும் 2 சதவீதம். பயிற்சிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நேரமும் பணமும் விரயம் என்பது அடுத்த வாதம். தொலைபேசியிலும் காணொளியிலும் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும் காலம் இது. தவறான மருந்தால் திரும்பி வரும் குழந்தைக்கு ஆகும் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்றாம் ஆள் வந்தால் நெருக்கம் குறையும் என்ற கவலை நியாயமானதே. அதற்காக நலம் விசாரிப்பதையும் ஆறுதல் சொல்வதையும் மருத்துவர் தம் ஸ்பானிஷிலேயே செய்யட்டும், நோயாளி மகிழ்வார். மருந்தின் அளவு, அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் என்று வரும்போது, மருத்துவச் சொற்களும் அடங்கிய மொழித்தேர்வில் தேறாத மருத்துவர் மொழிபெயர்ப்பாளரை அழைத்தே ஆக வேண்டும். அவரைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை; அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்க அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை.