கேட்டு வாங்கிக் கொடுத்த கொடை

அருள்மிகு நெல்லையப்பர் திருக்கோயிலை வலம்வரும் அன்பர்களுள் வேதசர்மாவின் வரலாற்றை அறியாதார் இரார். வேணுவனமாகிய இத்தலத்தில் வாழ்ந்த அந்த அந்தணர், நாள்தோறும் ஊரில் நெல் இரந்து, அதனைக் குற்றி அரிசியாக்கி இறைவனுக்குத் திருவமுது படைத்து வந்தார். ஒருநாள் நெல்லை உலரப் பரப்பிவிட்டுப் பொருநையில் நீராடச் சென்றார். பெருமழை பிடித்துக்கொண்டது. நெல் வெள்ளத்தோடு போயிற்றே என்று பதைத்து ஓடி வந்தவர், நாற்புறமும் நீர் பெருகி ஓட, நெல்லின்மேல் மட்டும் ஒரு துளியும் விழாமல் வேலியிட்டாற்போல் நின்ற வியப்பைக் கண்டார். திருநெல்வேலி என்னும் பெயர் இதனால் அமைந்தது என்பது தலவரலாறு. தை மாதத்தில் இந்நிகழ்ச்சி திருவிழாவாகவும் நடைபெறுகிறது.

இதனைச் சொல்வோர் மழையையும் வேலியையும் விரித்துரைப்பர். ஒரு சிறு செய்தியைக் கடந்து போவர். ஆண்டவன் வேலியிட்டது வேதசர்மாவின் வயலில் விளைந்த நெல்லுக்கு அன்று. அவர் வீடு வீடாகச் சென்று கேட்டு வாங்கிய நெல்லுக்கே வேலியிட்டான். தம்மிடம் உள்ளதைக் கொடுப்பது ஒருவகைக் கொடை. தம்மிடம் இல்லாததைப் பிறர் வாயிலில் நின்று கேட்டு வாங்கிக் கொடுப்பது மற்றொரு வகை. பின்னதில் கொடுப்பவரும் ஒருமுறை இரப்பவர் ஆகிவிடுகிறார். அவ்வாறு வந்த பொருளைப் பெற்றவர் எளிதில் மறப்பதில்லை. இதற்கு நம் பொருநைக் கரையிலேயே, புராண காலத்தன்றி அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒரு சான்று உண்டு.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலம். 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சிட்டு முடித்த பின்னர், பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பிக்கத் துணிந்தார். அன்று பத்துப்பாட்டு என்பது பலருக்கும் பெயரளவில்கூடத் தெரியாத நூல். கிடைத்த ஏடுகளோ முதல் இல்லாதன, முடிவு இல்லாதன, இடையில் செல்லரித்தன. ஒரு நூலைப் பதிப்பிப்போர் ஒரே ஏட்டை நம்பிவிட இயலாது. ஒன்றில் சிதைந்த அடியை மற்றொன்றைக் கொண்டு நிரப்ப வேண்டும். இரண்டும் மாறுபட்டால் மூன்றாவதைத் தேட வேண்டும். ஆகவே அவர் ஏடு தேடி ஊர் ஊராகப் புறப்பட்டார். தமிழ்ப் புலவர் குடும்பங்கள் நிறைந்த திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தார்.

அவ்வாறு வந்த இடங்களுள் ஒன்று ஆழ்வார்திருநகரி. திருக்குருகூர் என்பது அதன் பழம்பெயர். நம்மாழ்வார் புளியமரத்தின் அடியில் எழுந்தருளியிருந்த தலம். மாறனலங்காரம் இயற்றிய திருக்குருகைப் பெருமாள் கவிராயர் பிறந்த ஊர். கவிராயர்கள் என்று பெயர் பெற்ற புலவர் மரபினர் அங்கே வழிவழியாக வாழ்ந்தனர். அம்மரபில் வந்த இலட்சுமண கவிராயர் இல்லத்தில் ஐயரவர்கள் தங்கினார். வீடு நிறைய ஏடுகள் இருந்தன. கட்டுக் கட்டாக அவிழ்த்துப் பார்த்தார். இலக்கணம் இருந்தது, புராணம் இருந்தது, பிரபந்தம் இருந்தது. பத்துப்பாட்டு மட்டும் இல்லை.

இத்தனை சுவடிகளையும் அவிழ்த்துப் பார்க்க ஒரு வெளியூராருக்கு இடங்கொடுத்ததே பெரிய உபகாரம். ஏட்டைக் கண்ணால் காட்டவும் மறுத்தவர்கள் வாழ்ந்த காலம் அது. கவிராயர் அவ்வளவில் நின்றிருந்தால் யாரும் குறை கூறியிரார். ஆயினும் விருந்தினர் முகம் வாடியதைக் கண்ட அவருக்கு மனம் பொறுக்கவில்லை. அவ்வூரிலேயே அவருடைய மாமனார் வீடு இருந்தது. அங்கும் சுவடிகள் இருந்தன. ஆனால் மாமனாருக்கும் மருமகனுக்கும் அப்போது மனம் ஒத்திருக்கவில்லை, போக்குவரத்து இல்லை. மாமனார் வீட்டில் ஒரு பொருளைக் கேட்பது நல்ல காலத்திலேயே மருமகனுக்கு எளிதன்று. மனக்கசப்பு நேர்ந்த காலத்தில் எத்தகைய தயக்கம் இருந்திருக்கும் என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர். அந்தத் தயக்கத்தை ஒதுக்கிவிட்டு, தாம் போகாத வீட்டுக்கு வேறொருவர் வாயிலாகச் சொல்லியனுப்பினார் கவிராயர். ஓலைக்கட்டு ஒன்றுக்காக, தமக்கு உறவோ கைம்மாறு செய்யக்கூடியவரோ அல்லாத ஒரு தமிழாசிரியருக்காக!

அந்நாள் ஆழ்வாருக்குத் திருவிழா நடந்த காலம். திருவீதியில் எழுந்தருளிய ஆழ்வாரைச் சேவித்தபோது, தமிழ்மறை தந்த பெருமான் தமிழ்நூல் தேடி வந்த தமக்கு அருளலாகாதா என்று ஐயரவர்கள் உள்ளத்துள் முறையிட்டுக்கொண்டார். அன்றிரவே கவிராயர் ஒரு சுவடியோடு வந்து அதனை அவர் கையில் கொடுத்தார். வீதியில் நிலவு காய்ந்துகொண்டிருந்தது. அவ்வொளியிலேயே பிரித்தார். முல்லைப்பாட்டு என்னும் பெயர் கண்ணில் பட்டது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது அது. 103 அடிகளே உடையது. அந்தப் பெயரைக் கண்டபோது அவர் அடைந்த மகிழ்ச்சியை அவர் எழுத்திலேயே படித்தறிய வேண்டும்.

பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. ஐயரவர்கள் தம் வாழ்க்கை வரலாற்றை ‘என் சரித்திரம்’ என்னும் பெயரால் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940ஆம் ஆண்டில். இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றிருந்தது. அக்காலத்துள் அவருக்குப் பட்டங்கள் வந்தன, பொன்னாடைகள் வந்தன, அரசரும் ஆதீனத் தலைவரும் பரிசில் வழங்கினர். எண்பதைக் கடந்த முதுமையிலும் திருக்குருகூர் வீதியின் அந்த நிலவொளி அவர் நினைவில் மங்கவில்லை.

நம் வீட்டு அலமாரிகளைப் பாருங்கள். திருமணத்திற்கு வந்த எவர்சில்வர் குடங்களிலும் தாம்பாளங்களிலும் கொடுத்தவர் பெயர் வெட்டப்பட்டிருக்கும். அப்பெயருக்கு உரியவர் யார் என்று இளையவர்களைக் கேட்டால் விழிப்பார்கள். கோயில்களில் டியூப்லைட்டின் குறுக்கே ‘உபயம்’ என்று எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைப்போரும் உளர். பெயர் பொறிப்பது குற்றம் என்று யான் கூறவில்லை. அரசர்களும் கல்லில் பெயர் பொறித்தவர்களே. திருச்செந்தூரில் உள்ள வரகுண பாண்டியன் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அச்சாசனம், செந்திலாண்டவர் வழிபாட்டுக்காக அம்மன்னன் 1400 பொற்காசுகள் அளித்ததைக் கூறுகிறது. அக்காசுகள் பல ஊராரிடம் பிரித்து ஒப்படைக்கப்பட்டன. முதலைச் செலவிடாமல், காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் அவர்கள் பொலிசையாக அளக்க வேண்டும். பொலிசை என்பது வட்டி. அந்நெல்லைக் கொண்டு வழிபாட்டுக்கு எவ்வெப்பொருள் எவ்வளவு வேண்டும் என்பதைக் கல்வெட்டு வரையறுத்துச் செல்கிறது. அங்கே மன்னன் பெயரைவிடக் கொடை செய்ய வேண்டிய வேலைக்கே இடம் மிகுதி.

கவிராயர் கொடுத்த ஏட்டையும் இவ்வாறே முதல் என்று கொள்ளலாம். ஐயரவர்கள் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் அது ஒருவர் பெற்ற பரிசாக முடிந்திருக்கும். அவர் மற்ற ஏடுகளோடு ஒப்புநோக்கி அச்சேற்றினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் பத்துப்பாட்டின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பது அந்த முதலுக்கு வந்துகொண்டிருக்கும் பொலிசை.

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. ஆற்றுப்படை என்பது என்ன? ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் வறுமையோடு வரும் மற்றொருவனைக் கண்டு, இன்னாரிடம் செல், இவ்வழியே செல் என்று காட்டுவது. பெற்றதை மறைத்துக்கொள்ளாமல் கொடுத்தவர் ஊருக்கு வழி சொல்லுதல் பெற்றவன் கடமை என்று நம் முன்னோர் கருதினர். இவ்வைந்தனுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை வள்ளல்கள் எழுவரை எண்ணிச் சொல்கிறது. அவர்களுள் ஆய் என்பவன் நம் பொருநை பிறக்கும் பொதியிலுக்குத் தலைவன். அவன் கொடுத்ததாக அந்நூல் சொல்வது யானையும் பொன்னும் அன்று, ஓர் ஆடை. நீலநாகம் அவனுக்கு அளித்த அந்த ஆடையை, ஆலமர்செல்வனாகிய இறைவனுக்கு அவன் சாத்தினான். அதுவும் பிறரிடமிருந்து கைக்கு வந்த பொருளே.

ஐயரவர்களும் தமக்கு ஏடு தந்தவர்களின் பெயர்களைத் தம் பதிப்புகளின் முன்னுரைகளில் ஊரோடு சேர்த்து வரிசையாக அச்சிட்டார். அவசரமாகப் படிப்போர் அப்பக்கங்களைத் தள்ளிவிட்டு நூலுக்குச் செல்வர். யானும் இளமையில் அவ்வாறே செய்தவன்தான். அவை உரைநடையில் அமைந்த ஆற்றுப்படைகள் என்பது பின்னர்த்தான் விளங்கிற்று.

நெல்லையப்பரையும் காந்திமதியம்மையையும் வணங்கிய பின் திருச்செந்தூர் செல்லும் அன்பர்கள் பலர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதையில் ஸ்ரீவைகுண்டத்தை அடுத்து ஆழ்வார்திருநகரி நிலையம் வருகிறது. அங்கே இறங்கி ஆதிநாதரையும் நம்மாழ்வாரையும் சேவியுங்கள், உறங்காப்புளியை வலம்வாருங்கள். வெளியே வந்தபின் திருவீதியில் சற்று நில்லுங்கள். கவிராயர் சுவடியோடு வந்தது அந்த ஊரின் நிலவில்தான்.