ஔடத தானமும் ஒரு மாத்திரையின் விலையும்

சிராவகர் இயற்றத்தக்க தானங்களை ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நான்காக வகுத்தனர் நம் ஆசாரியர். அவற்றுள் ஔடத தானமாவது நோயுற்ற உயிருக்கு மருந்தளித்துக் காத்தல். தமிழ்ச் சமணச் சான்றோர் மருந்தின்பால் கொண்டிருந்த மதிப்பு அவர்தம் நூற்பெயர்களாலேயே விளங்கும். கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலம் முதலாய ஆறு சரக்குகள் கூடிய மருந்தின் பெயரை இட்டார். காரியாசான் தம் நூலுக்கு ஐந்து சிறு வேர்களாலாய மருந்தின் பெயரை இட்டார். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்னும் பெயர்களை நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்கின்றனரேயன்றி, அவை மருந்தின் பெயர்கள் என்பதை உணர்வார் சிலரே.

மருந்தைத் தானப் பொருளாகக் கண்ட மரபினர் நாம். அதே மருந்து வணிகப் பொருளாகும்போது அதன் விலைக்கு எல்லை உண்டா? எல்லை கடந்தவனை ஊரார் வெறுக்கும்போது சிராவகன் அவ்வெறுப்பில் பங்குகொள்ளலாமா? இவ்விரு வினாக்களையும் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தியைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

பைரிமெத்தமின் என்பது 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜெர்ட்ரூட் எலியான் என்னும் பெண்மணியாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பாரும் கண்டறிந்த மருந்து. இவ்விருவரும் பின்னர் 1988ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். டாராப்ரிம் என்னும் பெயரில் 1953 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்டு வரும் இம்மருந்து, டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோய்க்கு உரியது. நலமுள்ளவர்க்கு அந்நோய் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. எய்ட்ஸ் நோயால் உடல் காப்பு குன்றியவர்க்கும், தாயின் வயிற்றிலேயே நோய் பற்றிய மகவுக்கும் அது மூளையையும் கண்ணையும் தாக்கி உயிருக்கே இறுதி விளைக்க வல்லது. மருந்தின் காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டது. நம் நாட்டில் இம்மாத்திரை சில ரூபாய்க்குள் அடங்கும்.

2015 ஆகஸ்டு மாதம் டியூரிங் பார்மசூட்டிகல்ஸ் என்னும் நிறுவனம் அமெரிக்காவில் இம்மருந்தை விற்கும் உரிமையை 5 கோடியே 50 இலட்சம் டாலருக்கு வாங்கிற்று. அதன் தலைவர் மார்ட்டின் ஷ்க்ரெலி. அப்போது அகவை முப்பத்திரண்டு. குடியேறி வந்து கட்டடத் துப்புரவுப் பணியாற்றிய பெற்றோரின் மகனாய் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தவர். பங்குச் சந்தையில் உயர்ந்தவர். பதின்மூன்றரை டாலராயிருந்த ஒரு மாத்திரையின் விலையை அவர் 750 டாலர் ஆக்கினார். மருந்தில் யாதொரு மாற்றமும் இல்லை. விலை மட்டும் ஐம்பத்தைந்து மடங்காயிற்று.

செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதனை வெளியிட்டதும் நாடே கொதித்தெழுந்தது. கட்சி வேற்றுமையின்றி ஹிலாரி கிளிண்டனும் டொனால்டு டிரம்ப்பும் அவரைக் கண்டித்தனர். "அமெரிக்காவில் மிகுதியும் வெறுக்கப்படுபவர்" என்னும் பட்டம் அவருக்குக் கிட்டிற்று. அவரோ வெறுப்பை வளர்ப்பதில் ஓர் இன்பம் கண்டவர் போல் நடந்துகொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஒரு மாநாட்டில், விலையை இன்னும் உயர்த்தியிருப்பேன் என்னும் கருத்துப்படப் பேசினார். பங்குதாரர்க்கு மிகுந்த ஆதாயம் தேடுவதே தம் கடமை என்றார். 2016 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு அழைத்தபோது முறுவலித்தவாறே விடை கூற மறுத்து, வெளியேறியபின் உறுப்பினர்களை அறிவிலிகள் எனப் பழித்து எழுதினார்.

இனிச் சாத்திர நோக்கிற்கு வருவோம். "இது பகற்கொள்ளை" என்றனர் மக்கள். களவு என்று கொள்ள இயலுமா? தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறுகின்றார்: களவிற்கு ஏவுதல், களவுப் பொருளை ஏற்றல், அரச நெறிக்கு மாறாதல், அளவைகளில் கூட்டிக் குறைத்தல், போலிப் பொருள் விற்றல். ஷ்க்ரெலி விற்றது போலி மருந்தன்று; எடையிலும் குறைவில்லை. அமெரிக்கச் சட்டமோ மருந்தின் விலைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. அரச நெறிக்கு மாறாதல் என்பதற்கு உரை கூறும் பூஜ்யபாதர், ஆட்சி குலைந்த இடத்தில் விலையுயர்ந்த பொருளைக் குறைந்த விலைக்குக் கைப்பற்ற முயல்வதை அதில் அடக்குவர். வாங்குவோனின் முறையற்ற ஆதாயம் அங்கே பேசப்படுகிறது. விற்போனின் பேராதாயத்தை அதில் அடக்குவது வலிந்து பொருள்கொள்வதாகும் என்பது என் கருத்து.

எனவே குற்றத்தின் இருப்பிடம் வேறு. நான்கு கஷாயங்களுள் லோபமும் மாயையும் ஈண்டுச் சேர்ந்து தொழிற்படுகின்றன. லோபம் வெளிப்படை. மாயை எங்கே என்பதைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். காப்புரிமை இல்லாத மருந்தை எவரும் செய்து விற்கலாமன்றோ? அவ்வாறு செய்ய விழையும் நிறுவனம், முதலில் மூல மருந்தை வாங்கித் தன் மருந்து அதற்கு நிகரானதே என மெய்ப்பிக்க வேண்டும். டாராப்ரிம் பொது மருந்துக் கடைகளில் கிடைக்காவண்ணம் குறிப்பிட்ட சில வழிகளில் மட்டும் விற்க ஏற்பாடு செய்யப்பட்டது. போட்டியாளர் கைக்கு ஒரு புட்டியும் எட்டலாகாது என்பதே நோக்கம். மருந்தின் மூலப்பொருளைத் தருவோரையும் ஒப்பந்தத்தால் கட்டினர். விலையுயர்வு யாவர் கண்ணுக்கும் தெரிந்தது. இவ்வேலியை ஊரார் கண்டிலர். வேலி இல்லையேல் விலை நில்லாது.

அவர் தரப்பு வாதத்தையும் கேட்டல் வேண்டும். பணம் தருவது காப்பீட்டு நிறுவனமே. ஏழைக்கு மருந்து மறுக்கப்படாது. வரும் ஆதாயம் புதிய மருந்தாராய்ச்சிக்குச் செலவாகும் என்றார். இது முற்றிலும் தள்ளத்தக்க வாதமன்று. ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டும். ஆயினும் காப்பீட்டார் தரும் பொருள் காப்பீடு செலுத்தும் எளியவரின் பொருளேயாகும். மருத்துவமனைகள் இம்மருந்தை முன்போல் இருப்பு வைக்கத் தயங்கின. இம்சை என்பது இறந்த உயிரின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படுவதன்று. பிரமாதத்தோடு, அஃதாவது பிறவுயிர்பற்றிய கருத்தின்றி ஒழுகுதலே அதன் வேர் என்பது ஜினாகமத்தின் துணிபு.

நம்மவர் பெரும்பாலும் உழவர் குடியினர்; இவ்வகை வணிகம் நமக்குத் தொலைவானது எனச் சிலர் கருதலாம். இன்று நம் இளைஞர் மருந்து நிறுவனங்களிலும் அயல்நாட்டு அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். ஆதாயம் நூற்றுக்கு இத்தனை எனச் சாத்திரம் வரையறுக்கவில்லை. பரிக்கிரக பரிமாணம் என்பது ஒவ்வொருவரும் தமக்குத் தாமே எல்லை கட்டிக்கொள்வது. சட்டம் விட்ட இடத்தில் விரதம் தொடங்குகிறது.

இரண்டாம் வினா இதனினும் கடினமானது. 2015 டிசம்பரில் ஷ்க்ரெலி கைது செய்யப்பட்டபோது மக்கள் ஆரவாரித்தனர். மருந்து விலைக்காக அவர் கைதானதாகப் பலர் எண்ணினர்; அவ்வாறன்று. முன்னர் நடத்திய நிதி நிறுவனங்களில் முதலீட்டாளரை ஏமாற்றினார் என்பதே வழக்கு. 2017இல் நடுவர் குழு அமைக்கையில், இவரிடம் காழ்ப்பின்றித் தீர்ப்பளிக்க இயலாது எனக் கூறியும் பிற காரணங்களாலும் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் விலக்கப்பட்டனர். எட்டுக் குற்றச்சாட்டுகளுள் மூன்று மட்டும் நிறுவப்பட, 2018 மார்ச்சில் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அதே காலத்தில் பிறர் செய்தவற்றையும் நோக்குக. வேலியண்ட் நிறுவனம் 2015 பிப்ரவரியில் இரு இதய மருந்துகளை வாங்கி, ஒன்றன் விலையை ஐந்து மடங்குக்கு மேலும் மற்றதை இரு மடங்குக்கு மேலும் கூட்டிற்று. ஒவ்வாமையால் மூச்சடைப்போர்க்கு உயிர் காக்கும் எபிபென் ஊசி, 2007இல் இரண்டு ஏறத்தாழ 100 டாலர்; 2016இல் 600 டாலர். இன்சுலினைக் கண்ட பேண்டிங் குழுவினர் 1923இல் ஆளுக்கு ஒரு டாலர் பெற்று உரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு வழங்கினர். அதன் புது வகையொன்று 1996இல் ஒரு குப்பி 21 டாலராயிருந்து 2019இல் 275 டாலராயிற்று. இன்சுலின் வேண்டுவோர் இலட்சக்கணக்கானோர். டாராப்ரிம் வேண்டுவோர் ஆண்டுக்குச் சில ஆயிரவரே. எனினும் ஊராரின் சினம் முறுவலித்த ஒரு முகத்தின்மேலேயே நிலைத்தது. முகம் காட்டாது மெல்ல மெல்ல ஏற்றியோர் நெடுநாள் தப்பினர்.

பிறர் துன்பம் கண்டு மகிழ்தலை ரௌத்திர தியானத்தின் முதல் வகையாகிய இம்சானந்தம் என்பர். தீயவன் துன்புற்றால் மகிழலாம் என்று அதற்கு விலக்கு எதுவும் கூறப்படவில்லை. வினை, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவழியிலும் பற்றும். நாளிதழைப் படித்துக்கொண்டே "நன்றாக வேண்டும் இவனுக்கு" என்பவன் இருந்த இடத்திலிருந்தே உடன்பட்டவனாகின்றான். இத்தகையோர்பால் கொள்ளத்தக்க பாவனையையும் உமாசுவாமி ஆசாரியர் கூறியுள்ளார். எல்லா உயிர்களிடமும் மைத்திரி, குணத்தில் மிக்கோரிடம் பிரமோதம், துன்புறுவோரிடம் காருண்யம், அறிவுரை ஏலாதாரிடம் மாத்தியஸ்தம். நாடே கூடிச் சொல்லியும் கேளாத ஷ்க்ரெலி நான்காம் வகையினர். நடுவுநிலையே அவர்பால் உரியது.

நடுவுநிலை என்பது கைகட்டி இருத்தலன்று. 2016இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிராமர் பள்ளி மாணவர் சிலர் ஆசிரியர் துணையுடன் ஏறத்தாழ இருபது டாலர் செலவில் 3.7 கிராம் பைரிமெத்தமினைத் தங்கள் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினர். எவரையும் வையவில்லை, செய்து காட்டியதோடு சரி. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அரசு இம்மருந்தின் முதல் மாற்று வடிவத்திற்கு ஒப்புதல் அளித்தது. நான் முன்னர்க் கூறிய வேலியை எதிர்த்துக் கூட்டரசின் வணிக ஆணையமும் ஏழு மாநிலங்களும் வழக்காடின. 2022 ஜனவரியில் நீதிபதி டெனிஸ் கோட், ஷ்க்ரெலி வாழ்நாள் முழுவதும் மருந்துத் தொழிலில் ஈடுபடலாகாது எனவும், 6 கோடியே 46 இலட்சம் டாலர் செலுத்துமாறும் தீர்ப்பளித்தார். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்தம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. வெறுப்பால் இயலாததை, பொறுமையாகச் சான்று திரட்டியோர் முடித்தனர்.

இரத்தின கரண்டகம் ஔடத தானத்திற்கு எடுத்துக்காட்டாக விருஷபசேனையைக் காட்டும். உரைகாரர் கூறும் கதைப்படி, அவள் முற்பிறவியில் கோயிலைப் பெருக்கும் நாகசிரீ என்பவள். தியானத்தில் அமர்ந்திருந்த முனிவரை எழச் சொல்லியும் அவர் எழாமையால் சினந்து, பெருக்கிய குப்பையை எல்லாம் அவர்மேல் குவித்துவிட்டாள். அரசன் வந்து முனிவரை மீட்டபின், தன் செயலுக்கு நாணி, அவர் உடல் தேறும் வரை மருந்தளித்துத் தொண்டு செய்தாள். மறுபிறவியில் அவள் நீராடிய நீரே பிறர் பிணி தீர்த்ததாம்.