சாவி தொலைந்த ஜெனரேட்டர்

2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரை கடந்தபோது புதுச்சேரி, கடலூர்ப் பகுதிகளில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அத்தகைய வேளையில் ஜெனரேட்டர் சாவி காணாமற்போனால்? காலாப்பட்டு விவசாயிகள் இதை முன்பே அறிந்திருத்தல் நலம்.

கைப்பிடியால் சுற்றும் சிறு டீசல் எஞ்சினுக்குச் சாவி தேவையில்லை. அதற்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. பெட்ரோல் எஞ்சின் அப்படியன்று. சாவி சுவிட்ச் 'ஆஃப்' நிலையில் இருந்தால் மாக்னெட்டோவின் மின்சாரம் எஞ்சின் உடலுக்கே போய்விடும், பிளக்கில் பொறி வராது. கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கைதான் வலிக்கும். சிலர் ஒயரை அறுத்துவிட்டு ஓட்டுகின்றனர். ஆபத்து நேரத்தில் உடனே நிறுத்த முடியாது. மெக்கானிக்கைக் கொண்டு சாவியுடன் புது சுவிட்ச் பொருத்துவதே முறை. மாற்றுச் சாவியை மழைக்காலத்துக்கு முன் தனியே மாட்டி வைக்கவும்.

எஞ்சினை மோட்டார் கொட்டகைக்குள் ஓட்டக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குபவரை அப்படியே கொன்றுவிடும்.