ஆர்எக்ஸ் 100 வாங்கிய மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

மாமா எழுதுவது. நீ பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பதாக அக்கா போனில் சொன்னாள். அவளுக்குக் கோபம், எனக்குச் சந்தோஷம். பட்டறையில் அந்த இன்ஜினை எத்தனையோ முறை பிரித்துக் கோத்தவன் என்கிற உரிமையில் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், நிதானமாகப் படி.

முதலில் உன் கைக்கு வந்திருப்பது என்ன என்று தெரிந்துகொள். 1980-களின் தொடக்கம் வரை நம் ஊரில் மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், எஸ்டி, ராஜ்தூத். எல்லாமே கனத்த இரும்பு. 1984-இல் நம் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. அடுத்த வருடமே ஹீரோ ஹோண்டாவும், எஸ்கார்ட்ஸ் கம்பெனி மூலமாக யமஹா ஆர்எக்ஸ் 100-ம் வந்தன. ஹோண்டா மைலேஜுக்குப் பேர் வாங்கியது. யமஹாவின் பேர் வேறு. 50 மில்லிமீட்டர் போர், 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 98 சிசி. அதிலிருந்து 11 குதிரைத்திறன் எடுத்தார்கள். அதே சிசியில் ஹோண்டா கொடுத்தது சுமார் 7. வண்டியின் எடையோ 100 கிலோவுக்குச் சற்றே மேல். சிக்னலில் பச்சை விழுந்ததும் அது சீறிப் போவதற்குக் காரணம் வெறும் இன்ஜின் பலம் இல்லை. தேவையில்லாத ஒரு கிலோ கூட அந்த வண்டியில் கிடையாது.

அதனால்தான் சொல்கிறேன், அதில் எதையும் மாற்றாதே. சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். வேண்டவே வேண்டாம். இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். அந்த நேரத்தில் கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். அதைத் தடுப்பது சைலன்சரின் வடிவம்தான். உள்ளே அது விரிந்து, பிறகு ஒடுங்கும். ஒடுங்கும் இடத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலை, தப்பி ஓடிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது.

இந்த வித்தையில் முன்னோடி கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் பொறியாளர் வால்டர் காடன். அவருடைய ரேஸ் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் சுவீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் மேற்கு நாடுகள் பக்கம் தப்பிவிட்டார். அவரோடு அந்த நுட்பமும் ஜப்பானில் சுசுகியின் கைக்குப் போனது. மறு வருடமே டெக்னர் சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். யமஹாவும் சுசுகி இருக்கும் அதே சிசுவோகா மாகாணத்துக் கம்பெனிதான். ஜப்பான்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள். இவ்வளவு பேர் மண்டையை உடைத்துக் கணக்குப் போட்ட குழாயை, உன் தெருமுனையில் கட்டிங் மிஷின் வைத்திருப்பவன் ஐந்து நிமிடத்தில் வெட்டிப் போடுவதா? சைலன்சருக்குள் இருக்கும் பஃபிளை உருவினால் சத்தம் கூடும், கீழ்க் கியரில் இழுவை குறையும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இப்படி மாற்றுவதை அனுமதிக்காது.

அடுத்தது ஆயில். உன் வண்டியில் ஆயில் பம்ப் ஒழுங்காக வேலை செய்கிறதா, இல்லை பெட்ரோலிலேயே கலந்துதான் ஓட்ட வேண்டுமா என்று இன்றைக்கே பார். கலந்து ஓட்டுவதாக இருந்தால் ஒன்றை மறக்காதே: பெட்ரோல் போகும் அளவுக்குத்தான் பிஸ்டனுக்கு எண்ணெய் போகும். கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி வண்டியை உருளவிடுவார்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றும், எண்ணெய் சொட்டும் போகாது. பாதி மலையிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் இறக்கத்தில் அடிக்கடி கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிடு.

பிளக்கைக் கழற்றிப் பார்க்கப் பழகு. முனை காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்துப்போயிருந்தால் இன்ஜின் காற்றை அதிகமாகக் குடிக்கிறது, சூடேறிச் சாகும். ஐட்லிங்கில் வண்டி தானாக ரேஸ் ஆனால் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருக்காதே. கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும், அதை மாற்று. போர் போட வேண்டி வந்தால் நல்ல லேத்காரரிடம் கொடு, அவசரப்படுத்தாதே. போர் போட்ட பிறகு முதல் 500 கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டு.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் வாஷர்களையும் புதிதாகப் போட்டுவிடு. வண்டி பல நாள் நிற்கப்போகிறது என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட்டு நிறுத்து.

பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே மனது பதறுகிறது, மாப்பிள்ளை. இரண்டு பக்கமும் டிரம் பிரேக், குறுகலான டயர். டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங்கும் சொற்பம். ஓடுவதற்கு இருக்கும் வேகம் நிற்பதற்கு இல்லை. இந்த வண்டியில் போய்ச் சேர்ந்த பையன்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒருவர் இருவர் இல்லை. ஹெல்மெட் இல்லாமல் கிக்கரில் கால் வைக்காதே. முன்பிரேக் லைனரை மாற்றிவிட்டுத்தான் நெடுஞ்சாலைக்குப் போ.

தினமும் வேலைக்கு இதில் போகாதே. அது விடும் புகையில் எரியாத பெட்ரோலும் எண்ணெயும் இருக்கின்றன. புகைக் கட்டுப்பாடு இறுகியதால்தான் 1996-இல் உற்பத்தியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடு, துடைத்து வை, அது போதும்.

கடைசியாகப் பேப்பர். நீ அவசரத்தில் விட்டிருப்பாய் என்று நான் பயப்படுவது இதில்தான். ஆர்எக்ஸ் 100 திருடுபோகிற வண்டி. இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார். எண் சுரண்டியோ புதிதாக அடித்தோ இருந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு, பணம் போனாலும் பரவாயில்லை. பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முந்தைய ஆள் புதுப்பித்தாரா, பசுமை வரி கட்டினாரா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார். 29, 30-ஆம் நம்பர் படிவங்களில் அவரிடம் கையெழுத்து வாங்கி, இந்த வாரமே பெயர் மாற்றக் கொடு. ஆர்.சி. உன் பெயருக்கு வரும்வரை வண்டியை வீட்டை விட்டு வெளியே எடுக்காதே.

இப்படிக்கு,
உன் மாமா