சாமை அச்சு முறுக்கும் நார்வே நாட்டுச் சுருளும்

கிறிஸ்மஸ் நெருங்கினால் நம் வீடுகளில் அச்சு முறுக்கு மணக்கும். நார்வே நாட்டு வீடுகளில் அப்போது ‘க்ரும்காக்கெ’ மணக்கும். ‘க்ரும்’ என்றால் வளைந்தது என்று பொருள். கோதுமை மாவு, முட்டை, வெண்ணெய், சர்க்கரை சேர்த்துக் கரைத்து, பூவேலை செய்த இரட்டை இரும்புத் தட்டுகளின் நடுவே ஊற்றிச் சுடுவார்கள். எடுத்த சூட்டோடு மரக்கூம்பின் மேல் சுருட்டிவிட வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் உடையும். சூட்டில் இளகியிருந்த சர்க்கரை ஆறியதும் இறுகிவிடுவதே காரணம்.

அந்த இரட்டைத் தட்டு நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் காய்ந்த இரும்பில் நீர்த்த மாவைப் பிடிக்கச் செய்யும் வித்தை நம் அச்சு முறுக்கிலும் உண்டே! நார்வேயிலும் பூ அச்சை மாவில் முக்கி எண்ணெயில் பொரிக்கும் பலகாரம் ஒன்று உண்டு.

திருப்புலி நாட்டில் இருக்கும் நாம் இதைச் சாமையில் செய்து பார்க்கலாம். சாமை கொல்லிமலையின் பழைய தானியம். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு கையில் காசு தந்தது. சாமையோ உரலில் குத்தி உமி நீக்கும் பாட்டைப் பெண்களுக்குத் தந்தது. சாமைக் காடுகள் சுருங்கியதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களுக்காகப் பணியாற்றியது; உமி நீக்கும் எந்திரங்களும் வந்தன. குத்தும் பாடு குறைந்தால்தான் சாமை அடுப்படிக்குத் திரும்பும் என்பது எங்கள் எண்ணம்.

இனி செய்முறை. சாமை அரிசி 1 டம்ளர், பச்சரிசி 1 டம்ளர் எடுத்து 2 மணி நேரம் ஊறவைத்து, நீர் வடித்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு இடித்துச் சலிக்கவும். சர்க்கரை அரை டம்ளர், முட்டை 1, உப்பு, எள் சேர்த்து, தேங்காய்ப்பால் விட்டுத் தோசை மாவை விடச் சற்று நீர்க்கக் கரைக்கவும். சர்க்கரையைக் கூட்ட ஆசை வரும்; கூட்டினால் முறுக்கு கருகும், அச்சிலும் ஒட்டும்.

அச்சை எண்ணெயிலேயே கிடத்திக் காயவிட வேண்டும். மாவில் முக்கும்போது ‘சுர்’ரென்று ஓசை வந்தால் சூடு சரி. முக்கால் பாகம் மட்டுமே முக்குங்கள். மேல்விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழலாது. எண்ணெயில் இறக்கி மெல்ல ஆட்டினால் பூ தானே பிரியும். குமிழி அடங்கியதும் எடுக்கவும். எடுத்தவுடன் தொய்வாகத்தான் இருக்கும், ஆறியபின் மொறுமொறுக்கும்.

மலைப் பனியில் முறுக்கு சீக்கிரம் நமத்துப்போகும். முற்றிலும் ஆறியபின் தகர டப்பாவில் போட்டு இறுக மூடி வையுங்கள்.